ஆர்க்கைவில் பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள்: எந்தப் பிரதியைக் கேட்பது?

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ‘சஸ்பென்ஸ்’ என்ற பழைய திகில் தொடரைத் தேடிப் பாருங்கள். ஒரே நாடகம் நாலைந்து இடங்களில் வந்து நிற்கும். ஒன்று 7 எம்பி, அடுத்தது 14, இன்னொன்று 28. ஒன்றில் ரோமா ஒயின் விளம்பரம் இருக்கும், மற்றொன்றில் அந்த இடத்தில் வெறும் இசை ஓடும். ஒன்றில் கதாநாயகன் இயல்பாகப் பேசுவார், இன்னொன்றில் அதே ஆள் கொஞ்சம் கீச்சுக் குரலில் அவசரப்படுவார். கையில் முதலில் பட்டதைச் சொடுக்கி, ஐந்து நிமிடம் கரகரப்பைப் பொறுத்துப் பார்த்து, ‘அந்தக் காலத்துப் பதிவு, இவ்வளவுதான் வரும்’ என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். அந்த முடிவு தவறு. 1940களில் நியூயார்க்கிலும் ஹாலிவுட்டிலும் மைக்கின் முன்னால் எழுந்த ஒலி தெளிவானது, ஆழமானது. கெட்டுப்போனது பிரதி. பிரதியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் இந்தத் தொகுப்பைப் போல இலவசமாகக் கிடைக்கும் செல்வம் இணையத்தில் குறைவு. தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும்.

முதலில் இடத்தைப் பற்றி. 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இலாப நோக்கமற்ற நூலகம் இது. கேட்கவோ இறக்கிக்கொள்ளவோ காசு கிடையாது. பழைய வானொலிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதில் யார் வேண்டுமானாலும் ஏற்றியது ஒரு பக்கம். ‘ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ்’ என்ற தன்னார்வக் குழு ஒழுங்குபடுத்தி ஏற்றியது இன்னொரு பக்கம். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவதை. நிகழ்ச்சியின் பெயரோடு குழுவின் சுருக்கமான ஓடிஆர்ஆர் எழுத்துகளையும் ‘சிங்கிள்ஸ்’ என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடினால் நேராக அங்கே போய்விடலாம். ‘சிங்கிள்ஸ்’ பக்கத்தில் எபிசோட்கள் தனித்தனியாக இருக்கும், அங்கேயே ஓடவிட்டும் கேட்கலாம். ‘சர்டிஃபைட்’ என்ற பக்கங்களில் மொத்தமும் ஸிப் கட்டுகளாக இருக்கும். ‘அக்யூரேட்’ முத்திரை இருந்தால் தேதியும் தலைப்பும் சரிபார்த்தவை என்று பொருள். ‘கம்ப்ளீட்’ இருந்தால், உயிரோடு இருப்பதாகத் தெரிந்த எபிசோட்கள் எல்லாம் உள்ளே உண்டு என்று பொருள்.

இந்தக் குழு செய்திருக்கும் பெரிய உபகாரம் பெயரிடல்தான். நிகழ்ச்சியின் பெயர், பிறகு ஆண்டு மாதம் தேதி, பிறகு எபிசோட் எண், கடைசியில் தலைப்பு. ஃபோனிலோ கணினியிலோ பெயர்வாரியாக அடுக்கினாலே ஒலிபரப்பான வரிசை தானாக வந்துவிடும். கண்டவர் ஏற்றிய கோப்புகளில் தேதி தப்பாக இருப்பது சாதாரணம். ராணுவ வானொலி மறு ஒலிபரப்பு செய்த தேதியை மூலத் தேதியாகப் போட்டிருப்பார்கள். தலைப்பே சொல்லப்படாத நிகழ்ச்சிகளுக்கு ஆளுக்கொரு தலைப்பு வைத்திருப்பார்கள். ஒரே எபிசோடை இரண்டு பெயரில் இரண்டு முறை இறக்கிவிடுவது இதனால்தான்.

பிரதிகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்துகொண்டால் தேர்வு சுலபம். அந்த நாளில் பெரிய நெட்வொர்க் நாடகங்கள் நேரலையில்தான் போயின. முன்கூட்டிப் பதிவுசெய்து ஒலிபரப்புவதை என்பிசி, சிபிஎஸ் என்ற இரண்டு பெரிய நெட்வொர்க்குகளும் 1940களின் பிற்பகுதி வரை ஒதுக்கியே வைத்திருந்தன. கிழக்குக் கரைக்கு ஒரு முறை நடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்கு அதையே மறுபடி நடிப்பதும் உண்டு. இன்று நாம் கேட்பது ஒலிபரப்புக்காக எடுத்த பதிவு அல்ல. விளம்பரதாரரின் பார்வைக்கும் அலுவலகக் கோப்புக்கும் வெட்டிவைத்த 16 அங்குலத் தட்டுகள் அவை. அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூச்சு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தகட்டில் வெட்டினார்கள். கை தவறினால் அதோடு நாடகமும் போயிற்று.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். பாதி நிகழ்ச்சியில், 14ஆவது 15ஆவது நிமிடத்தையொட்டி, குரலின் தன்மை சட்டென்று மாறினால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டின் அடுத்த பக்கம் தொடங்கியிருக்கிறது. தட்டின் வெளி விளிம்பில் ஒலி பளிச்சென்றிருக்கும், உள் வளையத்துக்கு வரவர மங்கும். இரண்டாவது, பொரிகிற மாதிரிச் சத்தம். அரக்குப் பூச்சு பழசாகும்போது அதிலுள்ள விளக்கெண்ணெய்ச் சேர்மானம் சிதைந்து வெள்ளைப் பொடியாக மேலே படியும், பூச்சும் சுருங்கி விரிசல் விடும். அந்தத் தட்டின் மேல் ஊசி ஓடிய சத்தம் அது.

இனி ராணுவ வானொலி. ஆம்ட் ஃபோர்சஸ் ரேடியோ சர்வீஸ், போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்காக இதே நிகழ்ச்சிகளை விளம்பரம் நீக்கி, வினைல் தட்டில் அச்சிட்டு உலகம் முழுவதும் அனுப்பியது. வினைல் அரக்கைவிடச் சத்தம் குறைந்தது. ஆகையால் பல எபிசோட்களுக்குக் காதுக்கு இதமான பிரதி ராணுவப் பிரதிதான். ஆனால் விளம்பரம் இருக்காது. இந்த நிகழ்ச்சிகளில் விளம்பரம் வெறும் இடைவேளை அல்ல. ‘ஃபிபர் மெகீ அண்ட் மாலி’ என்ற நகைச்சுவைத் தொடரில் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் ஒரு பாத்திரமாகவே வீட்டுக்குள் நுழைவார். பேச்சோடு பேச்சாக ஜான்சன்ஸ் வாக்ஸைப் பற்றித் தொடங்குவார், ஃபிபர் அவரை மடக்கப் பார்ப்பார், அதுவே ஒரு நகைச்சுவைக் காட்சி. அதை வெட்டினால் கதையில் ஓட்டை விழும். நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சியிலும் அப்படித்தான்.

ஆகவே என் பரிந்துரை இது. நகைச்சுவை என்றால், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் விளம்பரத்தோடு கூடிய நெட்வொர்க் பிரதியை எடுங்கள். திகிலும் துப்பறிதலும் என்றால் ராணுவப் பிரதி சுத்தமாக இருக்கும்பட்சத்தில் அதை எடுக்கலாம், இழப்பு குறைவு. அடையாளம் காண்பது எளிது. முடிவில் ராணுவ வானொலியின் பெயரைச் சொல்வார்கள். விளம்பரம் இருந்த நேரத்தை நிரப்ப இசைக்குழுவின் துண்டு ஒன்று ஓடும்.

தட்டிலிருந்து எம்பி3க்கு வருவதற்குள் இன்னொரு கண்டம். 1960, 70களில் ஆர்வலர்கள் இவற்றை ரீல் டேப்பில் பதிந்து தபாலில் மாற்றிக்கொண்டார்கள். டேப் விலையை மிச்சப்படுத்த நான்கு தடங்களிலும் நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பதிவார்கள். இரண்டு தடங்கள் ஒரு திசையில், இரண்டு எதிர்த்திசையில். ரெக்கார்டரின் தலை சற்று விலகியிருந்தால் பக்கத்துத் தடம் உள்ளே கசியும். அமைதியான காட்சியில் அடியில் யாரோ தலைகீழாக முணுமுணுப்பது போலக் கேட்டால் அது நாடகத்தின் ஒலி அல்ல. வேறொரு நிகழ்ச்சி பின்னோக்கி ஓடுகிறது. எந்த மென்பொருளாலும் அதை எடுக்க முடியாது. வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

பிறகு 1990களின் கடைசியில் எம்பி3 வந்தது. 700 எம்பி சிடி ஒன்றில் எவ்வளவு அடைக்கலாம் என்பதே அன்றைய கணக்கு. 29 நிமிடம் 30 விநாடி ஓடும் நிகழ்ச்சி 32 கேபிபிஎஸ்ஸில் (விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு; குறைந்தால் ஒலி நசுங்கும்) 7 எம்பி, 64இல் 14, 128இல் 28. அதாவது 32இல் ஒரு சிடிக்கு நூறு எபிசோட் கிட்டத்தட்ட அடங்கும், 128இல் வெறும் 24. நிறைய பேர் 32ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பின்னால் யாரோ 128க்கு மாற்றி ஏற்றியிருந்தால் அளவு பெருத்திருக்கும், ஒலி திரும்பி வந்திருக்காது. அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அதற்கு ஒரு நிமிடத் தேர்வு ஒன்று உண்டு: கைதட்டலைக் கேளுங்கள். நகைச்சுவை நிகழ்ச்சிகளில் தொடக்கத்திலேயே அரங்கம் கைதட்டும். நல்ல பிரதியில் தனித்தனிக் கைகள் தெரியும், மழை கூரையில் விழுவது போலிருக்கும். 32இல் நசுங்கிய பிரதியில் அதே கைதட்டல் தண்ணீருக்கு அடியில் குமிழி விடுவது போலக் கலங்கும். கைதட்டல் இல்லாத நாடகமானால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளைக் கவனியுங்கள். பேச்சின் ஓரத்தில் உலோகம் உரசுவது போன்ற சலசலப்பு இருந்தால் அடுத்த பிரதிக்குப் போங்கள். 64 கேபிபிஎஸ் மோனோ இந்தப் பதிவுகளுக்குப் போதும். 128 இருந்தால் மகிழ்ச்சி. அதற்கு மேல் தேவையில்லை. ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான், இடம்தான் இரட்டிப்பு.

அடுத்த தேர்வு வேகம். டேப் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் பல கோப்புகள் இரண்டு மூன்று சதவீதம் வேகமாக ஓடுகின்றன. அரை மணி நிகழ்ச்சியின் உண்மையான நீளம் நெட்வொர்க் பெயர் சொல்வது வரை 29:30ஐ ஒட்டியே இருக்கும். தொடக்கமும் முடிவும் விளம்பரமும் எல்லாம் இருந்தும் 28:38தான் ஓடுகிறது என்றால் மூன்று சதவீதம் வேகம். என்பிசி நிகழ்ச்சியானால் இன்னும் துல்லியமாக அளக்கலாம். நிகழ்ச்சி முடிவில் வரும் மூன்று மணியோசைகளின் சுருதி நிரந்தரமானது: 196 ஹெர்ட்ஸ், 330, கடைசியில் 262 (துல்லியமாக 261.6).

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து மூன்றாவது மணியை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘அனலைஸ்’ பட்டியலில் ‘ப்ளாட் ஸ்பெக்ட்ரம்’ போடுங்கள், அளவு 16384. 250க்கும் 280க்கும் நடுவில் தெரியும் உச்சியைப் பாருங்கள். 269.5 என்று காட்டினால், 261.6ஐ அதால் வகுத்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கலாம், இங்கே 2.9 சதவீதம். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘சேஞ்ச் டெம்போ’ போட்டால் நீளம் சரியாகும், குரல் கீச்சாகவே இருக்கும். ஃபோன் பிளேயரில் 0.97 வேகத்தில் ஓடவிடுவதிலும் பெரும்பாலும் இதே சிக்கல்தான். அது சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு பேச்சை மட்டும் இழுக்கும்.

சுத்தம் செய்வதில் கை அடக்கம் வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் தட்டு சுழலும் உறுமல் போய்விடும். 7000க்கு மேலே மெதுவாகச் சரித்தால் ‘உஸ்’ இரைச்சல் தணியும். அதற்கு மேலே பேச்சுக்கு உதவும் ஒலி இந்தப் பதிவுகளில் பெரும்பாலும் இல்லை. இரைச்சல் நீக்கியை 6 டெசிபெலுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். அதிகம் போட்டால் குரல்கள் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். சிலர் ‘மீட்டெடுத்தது’ என்று பெயரிட்டு ஏற்றும் பிரதிகளில் நாய்ஸ் கேட் போட்டிருப்பார்கள். பேச்சு இல்லாத இடமெல்லாம் முழு நிசப்தமாக வெட்டப்பட்டிருக்கும். இது நாடகத்தையே கொல்லும் வேலை.

ஏன் என்பதற்கு ஜாக் பென்னியின் 1948 மார்ச் 28 நிகழ்ச்சியைக் கேளுங்கள். பென்னி உலகமகா கஞ்சன் என்பது பல ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய பாத்திரம். அன்றைக்குப் பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்ட் கோல்மனிடம் அவருடைய ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு இரவில் நடந்து வருகிறார். காலடி ஓசை. ஒருவன் தீக்குச்சி கேட்கிறான். பிறகு துப்பாக்கி. பணமா உயிரா என்கிறான். பென்னி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் அரங்கத்தில் முதலில் ஓரிருவர் சிரிக்கிறார்கள், புரியப் புரிய அலை பெருகுகிறது. திருடன் பொறுமை இழந்து மறுபடி கேட்கிறான். யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று பென்னி கத்துகிறார். நகைச்சுவை முழுக்க அந்த மௌனத்தில் இருக்கிறது. நாய்ஸ் கேட் போட்ட பிரதியில் அந்த முதல் சிறு சிரிப்புகள் வெட்டுப்படும். பெரிய சிரிப்பு எங்கிருந்தோ குதித்தது போல வரும். பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தைச் சுருக்கும் வசதி இருக்கிறதே, அதையும் அணைத்துவிட்டுத்தான் இந்த நிகழ்ச்சிகளைக் கேட்க வேண்டும்.

பென்னியை எங்கிருந்தாவது ஒரு எபிசோட் என்று கேட்டால் பாதி சிரிப்பு புரியாது. மெல் பிளாங்க் ரயில் நிலைய அறிவிப்பாளராக வந்து ‘அனஹைம், அசூசா, குக்...’ என்று நிறுத்திப் பிறகு ‘அமோங்கா’ என்பார். அதே ஆள் பென்னியின் ஓட்டை மேக்ஸ்வெல் காராகவும் இருமித் தும்மிப் புறப்படுவார். பென்னியின் வேலையாள் ரோசெஸ்டராக வரும் எடி ஆண்டர்சன், ஃபிராங்க் நெல்சனின் இழுத்த ‘யெஸ்’ எல்லாம் வாரா வாரம் கேட்டுப் பழகியவர்களுக்கென்று எழுதியவை. கோல்மனின் சிலை பறிபோன கதையும் அடுத்த வாரங்களுக்கு நீளும். 1947 அக்டோபரில் தொடங்கி 1948 ஜூன் வரை ஒரு பருவம் முழுக்க வரிசையாகக் கேளுங்கள். நான்காவது வாரத்துக்கு மேல் சிரிப்பு தானாக வரும்.

தமிழ்க் காதுக்கு முதல் வாசல் எது என்று கேட்டால் நகைச்சுவையைச் சொல்ல மாட்டேன். அது அன்றைய அரசியல்வாதிகள், சோப்புகள், ரேஷன் கூப்பன்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்கானது. ‘எஸ்கேப்’ தொடரில் தொடங்குங்கள். 1947 முதல் 1954 வரை சிபிஎஸ்ஸில் வந்தது. அதில் ‘த்ரீ ஸ்கெலிட்டன் கீ’ என்ற கதை: கடலில் தனியாக நிற்கும் கலங்கரை விளக்கம், உள்ளே மூன்று பேர், கரை ஒதுங்கும் கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கில் எலிகள். 1949 நவம்பர் 15 ஒலிபரப்பும், வின்சென்ட் பிரைஸ் நடித்த 1950 மார்ச் 17 ஒலிபரப்பும் இரண்டுமே கிடைக்கின்றன. பிரைஸின் குரலுக்காக இரண்டாவதைச் சிபாரிசு செய்கிறேன். கண்ணாடியின் மறுபக்கம் எலிகள் கிறீச்சிட்டு மொய்க்கும் சத்தத்தை விளக்கணைத்துக் கேளுங்கள். 32 கேபிபிஎஸ்ஸில் அது வெறும் இரைச்சல்; நல்ல பிரதியில் ஒவ்வொரு எலியும் நகர்வது தெரியும்.

அதற்கடுத்து ‘சஸ்பென்ஸ்’. 1942 ஜூனிலிருந்து 1962 செப்டம்பர் 30 வரை, இருபது ஆண்டு. முழுவதும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. வில்லியம் ஸ்பியர் தயாரித்த 1940களின் நடுப்பகுதிதான் உச்சம். 1948 தொடக்கத்தில் சில மாதம் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக நீட்டினார்கள். அது இழுவை, தாண்டிவிடலாம். லூசில் ஃபிளெட்சர் எழுதிய ‘சாரி, ராங் நம்பர்’ கேட்காமல் விடக் கூடாது. படுக்கையிலிருந்து எழ முடியாத ஒரு பெண், குறுக்கிட்ட தொலைபேசி இணைப்பு ஒன்றில் கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். அக்னஸ் மூர்ஹெட் ஏறக்குறைய தனி ஆளாகத் தாங்குகிறார். 1943 மே 25 அன்று நடந்த முதல் ஒலிபரப்பில், கிழக்குக் கரைக்குப் போனதில் கடைசியில் ஒரு நடிகரின் வசனம் தவறிய நேரத்தில் விழுந்து முடிவு குழம்பியது. ஆகஸ்ட் 21இல் மறுபடி நடித்தார்கள். 1960 வரை மூர்ஹெட் எட்டு முறை நடித்திருக்கிறார். கோப்புகளில் எட்டும் கலந்து கிடக்கும். தேதி பார்த்து 1943 ஆகஸ்ட் பிரதியை எடுங்கள். 1946 டிசம்பர் 5 ஒலிபரப்பான ‘தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்’ தனியாக இருக்கும்போது கேட்க ஏற்றது.

‘கன்ஸ்மோக்’ வேறு வகை. 1952 ஏப்ரல் முதல் 1961 ஜூன் வரை 480 எபிசோட். மார்ஷல் மாட் டில்லனாக வில்லியம் கான்ராடின் குரல், செஸ்டராக பார்லி பேர், டாக்டராக ஹோவர்ட் மெக்நியர், கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். மெதுவாகப் பேசுவார்கள், இடைவெளி விடுவார்கள், வசனத்தை ஒலி தூக்கிப் பிடிக்கும். பலகை நடைபாதையில் பூட்ஸ், தூரத்தில் நாய், குதிரையின் மூச்சு. இங்கே மோசமான பிரதி செய்யும் சேதம் மற்ற எல்லா நிகழ்ச்சிகளையும்விட அதிகம், ஏனென்றால் நசுங்கிய கோப்பில் முதலில் செத்துப்போவது அந்தத் தூரத்து ஒலிகள்தான். மொத்தத் தொடரும் 64இல் ஏறக்குறைய 7 ஜிபி, 128இல் 13.6 ஜிபி. இதற்கு மட்டும் 128 தேடி எடுப்பது தகும்.

‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ காப்பீட்டு மோசடி துப்பறிபவனின் செலவுக் கணக்காகவே எழுதப்பட்டது. பலர் அந்த வேடத்தில் வந்தார்கள், பாப் பெய்லிதான் ஜானி. 1955 அக்டோபர் 3இலிருந்து ஓராண்டுக்கும் மேலாக ஒரு கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை 15 நிமிடத் துண்டுகளாக ஐந்து நாள் சொன்னார்கள். ‘தி மெக்கார்மக் மேட்டர்’ முதலாவது. ஐந்தையும் ஒட்டி ஒரே கோப்பாக்கியவை சுற்றுகின்றன. அவற்றை விட்டுத் தனித்தனியாக எடுங்கள். நாளுக்கு ஒன்று என்று கேட்கத்தான் எழுதினார்கள், ஒவ்வொரு நாள் முடிவும் அப்படித்தான் நிறுத்தப்பட்டிருக்கிறது. அறிவியல் புனைகதை வேண்டுமென்றால் என்பிசியின் ‘எக்ஸ் மைனஸ் ஒன்’: 1955இலிருந்து 1958 வரை 126 எபிசோட், கதைகளில் பெரும்பாலானவை கேலக்ஸி பத்திரிகையிலிருந்து. பிற்காலத்தது என்பதால் ஒலி பொதுவாகவே நன்றாக இருக்கும்.

சிலவற்றை எச்சரிக்கையோடுதான் திறக்க வேண்டும். ‘ஆமோஸ் அண்ட் ஆண்டி’ மிகப் புகழ்பெற்றது, கறுப்பினப் பாத்திரங்களை வெள்ளையர்களான ஃப்ரீமேன் காஸ்டனும் சார்லஸ் கோரலும் குரல் மாற்றிப் பேசியது. இன்று கேட்டால் வலிக்கும், வலிக்கவும் வேண்டும். போர்க்கால நிகழ்ச்சிகளில் ஜப்பானியர்களைப் பற்றிய வசைகள் சர்வசாதாரணம். குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுமுன் ஒரு முறை நீங்கள் கேட்டுவிடுங்கள்.

தளத்தின் குறைகளைச் சொல்ல வேண்டும். தேடல் கரடுமுரடு, தரவாரியாக அடுக்கும் வசதி கிடையாது. பெரிய தொடரை மொத்தமாக ஸிப்பில் இறக்கினால் அந்தக் கட்டு அப்போதுதான் தயாராகி வரும், மொத்த அளவும் தெரியாது, இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து. டொரண்ட் வழியாக எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அல்லது ‘ஷோ ஆல்’ பட்டியலில் வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். அந்தப் பட்டியலில் ஏற்றியவர் தந்த மூலக் கோப்பும், தளம் தானாக உண்டாக்கிய மாற்று வடிவங்களும் அருகருகே இருக்கும். மூலத்தையே எடுங்கள். உரிமை நிலையும் முழுத் தெளிவில்லை. 2018இன் அமெரிக்கச் சட்டம் 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளையும் நீண்ட காலப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆகவே தனிப்பட்டுக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றிக் காசு பார்க்க நினைக்க வேண்டாம்.

கேட்கும் கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். இந்த நிகழ்ச்சிகள் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள பெட்டிக்காகக் கலக்கப்பட்டவை. காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் இரைச்சல் மண்டை நடுவில் உட்காரும். நடுத்தர புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ஆளிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் இரைச்சல் அறையில் கரைந்து குரல் முன்னே வரும். ஓடவிட்டுக் கேட்பதைவிட இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் ஆர்க்கைவ் தளம் முடங்கிப் பல நாள் கழித்தே படிப்படியாகத் திரும்பியது. 64 ஜிபி மெமரி கார்டில், 64 கேபிபிஎஸ் கணக்கில், நாலாயிரத்துச் சொச்சம் எபிசோட் கொள்ளும். ‘கன்ஸ்மோக்’, ‘சஸ்பென்ஸ்’, ‘எஸ்கேப்’, ‘எக்ஸ் மைனஸ் ஒன்’, பெய்லியின் ஜானி டாலர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் பென்னிக்கும் ஃபிபர் மெகீக்கும் அதில் தாராளமாக இடம் இருக்கும்.